இடப்பக்கத்துக் கை

பழைய காரில் சிக்னல் வேலை செய்யவில்லை என்றதும் பல்பை மாற்றக் கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. பல்பு பாவம், அதற்கு முன்னால் விசாரிக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பேட்டரி, பியூஸ், சுவிட்ச், வயர், எல்லாவற்றுக்கும் பிறகு எர்த். பத்து வண்டியில் ஏழு வண்டிக்குக் குற்றம் எர்த்தில்தான் இருக்கும். பாடியில் துரு ஏறிய இடத்தில் கரண்டுக்குத் திரும்பிப் போக வழி இருக்காது. உப்புத்தாள் போட்டு அங்கே நாலு இழுப்பு இழுத்தால் செத்துக் கிடந்த வண்டி கண்ணைத் திறக்கும். அவசரப்படாமல், ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க வேண்டும். இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் எழுதப்போகிறேன். ஐயா பொறுமையாகப் படிக்க வேண்டும்.

என் பெயர் இளையபெருமாள். பாபநாசத்தில் கும்பகோணம் சாலையில் கொட்டகை போட்டு, கார் லாரிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை செய்கிறவன். எட்டாவது வரை பள்ளிக்கூடத்தில் படித்தேன். மீதித் தமிழைக் கழகக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். சென்ற தை மாதம் கீழப்படுகை வைரக்கண்ணு மதகடி வரப்பில் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கு தங்கள் முன் நடக்கிறது. மிராசுதார் இராஜாங்கத்தின் கார் டிரைவர் சாமிதுரை அதில் குற்றவாளியாக நிற்கிறான். காரின் இடப்பக்கத்து சிக்னல் கையை நீட்டி, பதுங்கி இருந்தவர்களுக்கு ஆளை அடையாளம் காட்டினான் என்பது அவன் மேல் குற்றச்சாட்டு. வரும் திங்கட்கிழமை தீர்ப்பு என்கிறார்கள். தூக்கு வரைக்கும் போகலாம் என்று கோர்ட்டில் பேசிக்கொண்டார்கள். அவன் அதைச் செய்யவில்லை. செய்யவும் முடியாது. அதை மெக்கானிக் முறையிலேயே என்னால் காட்ட முடியும்.

முதலில் அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இராஜாங்கத்தின் கார் வெள்ளைக்காரன் காலத்துச் சீமை வண்டி. இப்போதைய வண்டிகள் மாதிரி கண் சிமிட்டுகிற விளக்கு அதற்குக் கிடையாது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருக்கிற தூணில், பக்கத்துக்கு ஒன்றாக நீளப் பிளவு இருக்கும். அதற்குள் சாண் நீளத்துக் கை ஒன்று படுத்திருக்கும். சுவிட்சைத் திருப்பினால் உள்ளே இருக்கிற காயில் என்கிற கம்பிச்சுருள் இழுக்கும், கை எழுந்து வெளியே நீட்டும், அதன் வயிற்றில் மஞ்சள் விளக்கு எரியும். சுவிட்சை அணைத்தால் கை தானாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்கும்.

அந்த அழகை ஆறு வருஷமாக யாரும் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் துரு ஏறி ஒட்டிக்கொண்டுவிட்டன. சாமிதுரை தன் சொந்தக் கையைத்தான் ஜன்னலுக்கு வெளியே விட்டுக் காட்டுவான். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலக்கையை வெளியே நீட்டி மாவாட்டுகிற மாதிரி சுற்றுவான். ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்து அவனுக்கு ஆட்டுக்கல் என்று பேர் வைத்திருந்தார்கள். கோபித்துக்கொள்ள மாட்டான். சூதுவாது தெரியாதவன்.

மார்கழி கடைசியில் இராஜாங்கம் காரை என் கொட்டகையில் கொண்டுவந்து விட்டார்.

"இளையபெருமாளு, அந்தக் கையச் சரி பண்ணிடு. எடது மட்டும் போதும். வலது கெடந்தாக் கெடக்கட்டும்" என்றார்.

ஒரு கை மட்டும் போதும் என்று எந்த வண்டிக்காரரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனாலும் நான் ஆச்சரியப்படவில்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

மூன்று நாள் வேலை. பேட்டரி நன்றாக இருந்தது. பியூஸ் நன்றாக இருந்தது. சுவிட்சில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் எரிந்தது, தூணுக்கு அருகில் வைத்தால் எரியவில்லை. கதவோரத்தில் தரைவிரிப்புக்கு அடியில் எலி கடித்து வயர் அறுந்திருந்தது. அதை மாற்றினேன். அப்போதும் காயில் முனகியதே ஒழியக் கை எழவில்லை. கையைக் கழற்றி பெட்ரோலில் ஊறவைத்து, கீல் துருவைச் சுரண்டி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். எர்த் பிடிக்கிற இடத்தைப் பளபளவென்று தேய்த்தேன். கை எழுந்தது. வலப்பக்கத்தையும் அப்படியே சரிசெய்தேன். வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். ஒரு பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் மட்டும் பார்ப்பது என் வழக்கத்தில் இல்லை.

பத்து தடவை சுவிட்சைப் போட்டால் ஒன்பது தடவை எழுந்தது. பத்தாவது தடவை ஒட்டிக்கொண்டது. அந்த மாதிரி நேரத்தில் தூணில் கைமுட்டியால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், உடனே எழுந்துவிடும். இந்தக் கை வைத்த வண்டியை ஓட்டியவன், கழுவியவன், ஓசியில் ஏறியவன் எல்லாருக்கும் இந்த வைத்தியம் தெரியும்.

இனி வைரக்கண்ணுவைப் பற்றி. அவன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் ஊர்த்தலைவன். சம்பா அறுவடைக்குக் கலத்துக்கு அரை லிட்டர் நெல் கூட வேண்டும் என்று கேட்டான். வெளியூர் ஆட்களை இறக்கினால் வயலில் குறுக்கே படுப்போம் என்றான். இதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. உழைக்கிறவனுக்குக் கூலி என்று நானே எத்தனையோ கூட்டத்தில் கை தட்டியிருக்கிறேன். ஆனால் அதோடு இன்னொரு மனுவும் கொடுத்திருந்தான். என் கொட்டகை நிற்கிற இடம் இராஜாங்கத்துக்குச் சொந்தம். அங்கே முன்பு அவன் தெருவைச் சேர்ந்த ஐந்து குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. குடியிருப்பவனுக்கே மனை என்று இப்போது சட்டம் வந்திருக்கிறது அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தை அவர்களுக்கே திரும்பக் கேட்டான்.

மனுக் கொடுத்த மறுநாள் அவனே கொட்டகைக்கு வந்தான். என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒங்க பொழப்பக் கெடுக்க வரல. அஞ்சு குடும்பத்தக் கெளப்பிட்டுத்தான் ஒங்கள இங்க ஒக்கார வச்சாரு. அது ஒங்க தப்பு இல்ல. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பொறம்போக்கு கெடக்கு. நானே தாசில்தார்ட்ட நின்னு ஒங்களுக்கு எடம் வாங்கித் தர்றேன். எழுதித் தரணும்னாலும் தர்றேன்."

நியாயமான பேச்சு. அதை நான் மறுக்கவில்லை. பேசுகிறபோது மேஜைமேல் கிடந்த டெஸ்ட் லேம்பை எடுத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டே பேசினான். அவன் அப்பா மருதையன் இராஜாங்கம் வீட்டில் அந்தக் காரைக் கழுவிக்கொண்டிருந்தவன். கொட்டகை வாசலுக்கு வெளியே நின்றுதான் பேசுவான், என்னை அய்யா என்பான். மகன் அண்ணே என்கிறான். ஐயா, இதை ஒரு விவரமாகத்தான் எழுதுகிறேன். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. நான் சமத்துவம் பேசுகிறவன். அவன் போன பிறகு ஸ்டூலைத் துடைத்தேன் என்றால், அதில் கிரீஸ் இருந்தது.

இனி பொத்தானுக்கு வருகிறேன். சாமிதுரைக்கும் இந்தக் குற்றத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. கையைச் சரிசெய்தபோதே, இடப்பக்கத்து வயரை டிரைவர் சுவிட்சிலிருந்து கழற்றிவிட்டேன். அதை முன்சீட்டின் இடப்பக்கத்தில், டேஷ்போர்டுக்கு அடியில், வீட்டு வாசலில் வைக்கிற மணிப் பொத்தான் ஒன்றில் கொண்டுவந்து இணைத்தேன். முன்னால் இடப்பக்கம் உட்காருகிறவன் முழங்காலுக்கு மேலே விரலை வைத்து அழுத்தினால் கை எழும். விரலை எடுத்தால் படுத்துவிடும். டிரைவர் தன் சுவிட்சை எப்படித் திருப்பினாலும் இடது கை அசையாது. சாமிதுரைக்கு இது தெரியாது. ஆறு வருஷப் பழக்கத்தில் அவன் சுவிட்சைத் தொடுவதே இல்லை.

திருவையாற்றில் ஆராதனை நடந்த வாரம் அது. இராஜாங்கம் பாட்டுக் கேட்கப் போய் அங்கேயே ஒரு வீட்டில் தங்கினார். கூலி விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம் என்று வைரக்கண்ணுவுக்கு ஆள் அனுப்பினார். அவன் பஸ் பிடித்து வந்தான். நான் காலையிலேயே காரோடு அங்கே போயிருந்தேன். புதிதாகச் சரிபார்த்த சிக்னல், வழியில் மக்கர் பண்ணினால் கூட ஆள் வேண்டும் என்பது நான் சாமிதுரையிடம் சொன்ன காரணம்.

பேச்சு அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. இராஜாங்கம் அரை லிட்டருக்குச் சரி என்றார். வெளியூர் ஆட்களை அனுப்பிவிடுவதாகச் சொன்னார். என் கொட்டகை இடத்தை ஐந்து குடும்பத்துக்கும் எழுதிக் கொடுப்பதாகக்கூடச் சொன்னார். அவர் அதைச் சொல்லும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வைரக்கண்ணுவுக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. முகம் அப்படி இருந்தது.

"பொழுது சாயுது. பஸ்ஸுக்கு எங்க நிக்கிறே, கார்லயே போ. சாமிதொர, மதகடியில எறக்கி வுட்டுட்டு வா" என்றார் இராஜாங்கம்.

வைரக்கண்ணு கொஞ்சம் தயங்கினான். அப்பா கழுவிய வண்டி. பின்கதவைத் திறந்து இடப்பக்கம் உட்கார்ந்தான். மடியில் ஒரு பொட்டலம். திருவையாற்றுக் கடையில் பிள்ளைகளுக்கு அசோகா அல்வா வாங்கியிருந்தான். நெய் காகிதத்தை மீறிச் சீட்டில் படப்போகிறது என்று அதைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டான். அவ்வளவு பதவிசு.

வழியெல்லாம் அவன்தான் பேசினான். காளியம்மாள், அவன் மனைவி, இந்தச் செய்தியைச் சொன்னால் நம்பமாட்டாள் என்றான். கொட்டகைக்குப் புது இடம் பார்க்கிற வேலையை நாளைக்கே தொடங்கிவிடுவதாக என்னிடம் சொன்னான்.

"மழ ஒழுகாம ஓடு போட்டுக்குங்கண்ணே. கீத்துக் கொட்டாயில கரண்டு வேல பாக்குறது எனக்கே பயமா இருக்கும்."

நான் சரி என்றேன்.

கீழப்படுகைக்கு அரை மைல் இருக்கும்போது செங்கல் காளவாய் வரும். அங்கிருந்து மதகு வரை சாலை நேர்க்கோடு. சாலைக்கும் தெருவுக்கும் நடுவே வயல், அறுத்த வயலில் வைக்கோல் போர். போருக்குப் பின்னால் இருந்தவர்கள் வெளியூர்க்காரர்கள், நாலு பேர். அவர்களுக்கு வைரக்கண்ணு முகம் தெரியாது. அந்தி நேரத்தில் மதகடியில் பலபேர் இறங்கி வரப்பில் நடப்பார்கள். ஆகவே ஏற்பாடு இதுதான். காளவாய் தாண்டியதும் காரின் இடது கை மஞ்சளாக நீட்டிக்கொண்டு வந்தால், மதகில் இறங்குகிறவன் அவன். கை நீட்டாமல் வந்தால், வேறு யாரோ. விட்டுவிட வேண்டும்.

காளவாயைத் தாண்டியதும் பொத்தானை அழுத்தினேன். கை எழவில்லை.

காயில் முனகுகிற சத்தம் தூணுக்குள் கேட்டது. பத்தாவது தடவை அதுதான். இங்கே ஐயா கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். அந்த நொடியில் எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. கை எழாவிட்டால் அவன் வீட்டுக்குப் போவான், காளியம்மாளிடம் செய்தி சொல்வான், எல்லாம் வேறுமாதிரி ஆகும். என்மேலும் தப்பில்லை, வண்டி பழைய வண்டி. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். விரலை மட்டும் எடுக்கவில்லை. ஒரு கோளாறு முன்னால் நிற்கும்போது அப்படியே விட்டுவிட்டு நகர எனக்கு வராது. தொழிலில் ஊறிய குணம்.

"என்னண்ணே, உள்ள ஏதோ முனகுது?" என்றான் வைரக்கண்ணு.

"சிக்னல் கை ஒட்டிக்கிச்சு. தூணுல ஒரு தட்டுத் தட்டினா வந்துரும்" என்றேன். பொதுவாகத்தான் சொன்னேன். முன்பக்கம் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"எங்கப்பாரு தட்டிப் பாத்துருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே பொட்டலத்தைச் சீட்டில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த தூணை முட்டியால் தட்டினான். ஒரே தட்டுதான். கை எழுந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

"வந்துருச்சுண்ணே, வந்துருச்சு. நல்லாத்தான் எரியுது."

மதகு வரைக்கும் விரலை எடுக்காமல் வைத்திருந்தேன். கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வந்த வேம்பு என்ற பெண், கையை நீட்டிய கார் எங்கும் திரும்பாமல் நேராகப் போனதைப் பார்த்து நின்றாள். கோர்ட்டில் அவள் சொன்ன சாட்சி அட்சரம் பிசகாமல் உண்மை. எங்கள் பேச்சு காதில் விழுந்திருந்தாலும், கை மதகு வரை நீட்டியபடியே இருந்தது சாமிதுரை ஒருவனுக்குத்தான் தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்து சாலையைப் பார்த்து ஓட்டுகிறவனுக்கு இடப்பக்கத் தூண் எப்படித் தெரியும்?

மதகில் நின்றதும் சாமிதுரை, "தெருவுலயே கொண்டு வுட்டுர்றேன், செத்த நேரந்தானே" என்றான். தெருவுக்குள் கார் போயிருந்தால் வைரக்கண்ணு பிழைத்திருப்பான். நான்தான், பாதை குறுகல், சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிடும் என்றேன். வைரக்கண்ணுவும் நடந்துகொள்கிறேன் என்றான். இறங்கி, கதவை அறையாமல் மெதுவாகச் சாத்தி, பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் இறங்கினான். காரைத் திருப்பச் சொன்னேன். திருப்பும்போது சத்தம் கேட்டது. சாமிதுரை என்ன என்று கேட்டான். நரி என்றேன்.

மறுநாள் காலை போலீஸ் வருவதற்குள் பொத்தானைக் கழற்றிவிட்டு, வயரைப் பழையபடி டிரைவர் சுவிட்சில் சேர்த்தேன். அவசரத்தில் முறுக்கி டேப் சுற்றினேன், ஈயம் வைக்க நேரமில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து டிரைவர் சுவிட்சைப் போட்டார், கை எழுந்தது. வேம்பு கையைப் பார்த்திருக்கிறாள், கை டிரைவர் சுவிட்சில் வேலை செய்கிறது, வண்டியை ஓட்டியவன் சாமிதுரை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இராஜாங்கம் திருவையாற்றில் ஆயிரம் பேர் நடுவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்கள். டிரைவர் என்ன செய்தான் என்று நான் கவனிக்கவில்லை என்றேன்.

சாமிதுரையின் மனைவி அம்சம் நாலு தடவை கொட்டகைக்கு வந்தாள். "நீங்களும் வண்டியில இருந்தீங்களே, அவரு அப்படி ஆளா, சொல்லுங்க" என்று கேட்டாள். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அவளுக்காகவும், நீதிக்காகவும்தான் இதை எழுதுகிறேன். சென்ற புதன்கிழமை கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் எழுந்து, "இந்த சிக்னல் வேலை முறையான மெக்கானிக் செய்ததல்ல, பழக்கமில்லாத டிரைவர் தானே போட்ட ஒட்டுவேலை" என்று அந்த டேப் சுற்றிய இடத்தைக் காட்டிப் படித்தார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மை வெளியே வரவேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். டேஷ்போர்டுக்கு அடியில் இடப்பக்கத்தில் இரண்டு திருகாணி ஓட்டைகள் இருக்கின்றன, யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பொத்தானை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இருக்கிற ஈயப் பற்று என்னுடையது. அந்தச் சுத்தம் எந்த டிரைவருக்கும் வராது.

பின்னால் சொல்கிறேன் என்று ஒன்றை நிறுத்தி வைத்திருந்தேன். மார்கழி நடுவில் இராஜாங்கம் கொட்டகைக்கு வந்து, ஆட்களை வரவழைத்திருப்பதாகவும், அவர்களுக்கு முகம் தெரியாததால் ஆள் மாறிவிடுமோ என்று யோசனையாக இருப்பதாகவும் சொன்னார். அவருக்கு வழி தோன்றவில்லை. பத்து நாள் பொறுத்திருந்தால் பயந்து விட்டுவிட்டிருப்பார். நான்தான் சொன்னேன்:

"இந்த வண்டிக்குக் கை இருக்குங்க. ஆறு வருஷமா வெளிய வந்ததில்ல. அது ஒரு தடவ நீட்டுனா ஆள் மாறவே மாறாது."

மதகைச் சொன்னதும் நான். வைக்கோல் போரைக் காட்டியதும் நான். திருவையாற்றுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லுங்கள், அப்போதுதான் காரில் ஏறுவான் என்று சொன்னதும் நான்தான். சாமிதுரை வண்டியை மட்டும் ஓட்டினான். அவனை விட்டுவிடுங்கள். எனக்கு என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் சரியாகப் பதிவாக வேண்டும். பொத்தானை அழுத்தியது நான், அதை மறைக்கவில்லை. ஆனால் நான் அழுத்தியபோது கை எழவில்லை, காயில் முனகியதோடு சரி. தூணைத் தட்டி அதை எழுப்பியது வைரக்கண்ணுதான். அவனைத் தட்டச் சொல்லி நான் கேட்கவே இல்லை.